வெயிலுக்கு அஞ்சிய படை

1908-இன் இறுதியில் பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கப் படை முகாம்களில் ஒரு விநோதமான துணி விநியோகம் நடந்தது. சுமார் 500 சிப்பாய்களுக்கு ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் உள்ளாடை கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவு ஆட்களுக்கு வழக்கமான வெள்ளை உள்ளாடை. பிறகு எடை பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள், உடல் சூட்டைக் குறித்தார்கள், ரத்தத்தைச் சோதித்தார்கள். சிவப்பு உள்ளாடை போட்டவர்களை வெப்பமண்டலத்து வெயில் குறைவாகத் தாக்குகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்விக்குப் பின்னால் ஒரு புத்தகம் இருந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவரான சார்லஸ் வுட்ரஃப் 1905-இல் அதை எழுதியிருந்தார். வெள்ளைத் தோலின் வழியாக வெயிலின் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உள்ளே புகுந்து நரம்பைக் கெடுக்கின்றன, கறுத்த தோல் அவற்றைத் தடுத்துவிடுகிறது என்பது அவர் வாதம். அப்படியானால் வெள்ளைக்காரனுக்கு ஒரு கறுத்த தோலைத் துணியாகத் தைத்துப் போட்டுவிட்டால் என்ன? சோதனையை நடத்திய மருத்துவர் ஜேம்ஸ் ஃபேலன் 1910-இல் முடிவை வெளியிட்டார். சிவப்பு உள்ளாடைக்காரர்களுக்கு நன்மை ஒன்றும் இல்லை. துணிதான் கூடுதலாகச் சூட்டைப் பிடித்துவைத்தது. அதைப் போட்டவர்கள் புழுக்கத்தில் நொந்துகொண்டார்கள்.

இன்று படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் வெப்பமண்டலத்தில் சண்டையிட்ட ஐரோப்பியப் படைகளின் உடை வரலாறு நெடுக இதே கதைதான். சிப்பாயின் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், அவனுக்கு மேலே இருப்பவரின் மனத்தில் எந்தப் பயம் இருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் சட்டை தைக்கப்பட்டது.

அந்தப் பயங்களில் முதலிடம் வெயிலுக்கு. அதற்கு அவர்கள் கண்ட மருந்து தொப்பி. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலைச் சின்னதாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்களே, அந்த நெட்டிதான் ‘சோலா தொப்பி’யின் மூலப்பொருள். ஏரியிலும் சதுப்பிலும் வளரும் செடி. அதன் தண்டை உரித்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் பஞ்சுபோன்ற சோறு. அதை மெல்லிய தாளாகச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, உலர்ந்ததும் துணி போர்த்தித் தைத்தால் தொப்பி தயார். கையில் எடுத்தால் கனமே தெரியாது. வெயிலை நன்றாகவே மறைக்கும். மழையில் நனைந்தால் மட்டும் ஊறிப்போய் உருக்குலையும். படைக்கென்று வந்த பிற்கால மாதிரிகளில் நெட்டிக்குப் பதில் தக்கை வைத்தது இதனால்தான்.

நிழலுக்காகத் தலையில் எதையாவது போட்டுக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வயலில் களை பறிப்பவரும் முண்டாசு கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். ஆனால் தொப்பியைச் சுற்றி ஒரு மதமே வளர்ந்துவிட்டது. காலை வெயிலில்கூட வெள்ளைக்காரன் வெறுந்தலையோடு வாசலைத் தாண்டினால் மூளை கலங்கிவிடும் என்று நம்பினார்கள். கிழக்கே கப்பலேறும் ஆங்கிலேயர் போர்ட் சயீத்தில் இறங்கி, சைமன் ஆர்ட்ஸ் கடையில் தொப்பி வாங்குவது ஒரு சடங்கு. வேலை முடிந்து ஊர் திரும்பும்போது அதே கடல்வழியில் தொப்பியைத் தண்ணீரில் வீசி எறிவது இன்னொரு சடங்கு. சிப்பாய்க்கோ சடங்கு கிடையாது, உத்தரவுதான். தொப்பியில்லாமல் வெளியே போனால் தண்டனை.

பர்மாவில் 1922 முதல் 1927 வரை போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் இதைப் பற்றி 1944-இல் ‘ட்ரிப்யூன்’ இதழில் எழுதினார். வெள்ளையர் மண்டையோடு மெல்லியது என்ற நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை என்றும், ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்ட அது உதவியது என்றும் அவர் கண்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அதே வெயிலில், அதே அணிவகுப்பில், இந்தியச் சிப்பாய் தலைப்பாகையோடு நின்றுகொண்டுதானே இருந்தான்?

வெயில் பயம் தொப்பியோடு நிற்கவில்லை. முதுகுத்தண்டின் வழியாகவும் கதிர்கள் இறங்குமாம். அதற்காகச் சட்டையின் முதுகில் பித்தான் வைத்து மாட்டிக்கொள்ளும் மெத்தை மாதிரி ஒரு பட்டை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவின் கொதிக்கும் மணலில் அதைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வயிற்றுக்கு வேறொரு பட்டை: கம்பளித் துணியை இடுப்பில் இறுகச் சுற்றினால் வாந்திபேதி வராது என்று நம்பி, அதற்கு ‘காலரா பெல்ட்’ என்றே பேர் வைத்தார்கள். வயிற்றில் குளிர் படுவதால் காலரா வருகிறது என்பது பழைய கணக்கு. 1883-இல் ராபர்ட் காக் எகிப்திலும் அடுத்த ஆண்டு கல்கத்தாவிலும் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு, தண்ணீர்தான் வழி என்று காட்டினார். பெல்ட் போகவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் படைக் கிடங்கின் பட்டியலில் அது இருந்தது. ஒரு தவறான மருந்து, நோயின் காரணம் தெரிந்த பின்னும் பிழைத்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

உண்மையில் ஆளைச் சாய்ப்பது எது என்பதும் தெரியாமல் இல்லை. பிரிட்டனின் உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன் 1905-இலேயே சொல்லிவிட்டார்: காற்றில் ஈரம் ஏறி வியர்வை உலர வழியில்லாதபோதுதான் உடம்பு சூட்டைத் தாங்க முடியாமல் விழுகிறது. அப்படியென்றால் காற்று புகும் துணியும், தளர்ந்த தையலும், நிறையத் தண்ணீரும் வேண்டும். மெத்தையும் கம்பளியும் நேர் எதிர்.

இது வெள்ளைக்காரச் சிப்பாயின் பாடு. சிப்பாய்களில் பெரும்பகுதியான இந்தியர்களின் உடையில் வேறொரு பயம் வேலை செய்தது: ஒழுங்கு குலைந்துவிடுமோ என்ற பயம். பதினெட்டாம் நூற்றாண்டின் மதராஸ் படைச் சிப்பாய் இடுப்புக்கு மேலே ஐரோப்பியன், கீழே உள்ளூர்க்காரன். மேலே சிவப்புக் கம்பளிக் கோட்டு, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் பருத்திச் சல்லடம், மூடாத கால், செருப்பு. படம் வரைந்தவர்களுக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். ஆனால் சேற்றிலும் வெயிலிலும் நடப்பவனுக்கு அந்தக் கீழ்ப்பாதி ஒரு வரம். அடுத்த நூறாண்டில் ஐரோப்பியர் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள இருந்ததை அந்தக் கால்கள் ஏற்கெனவே அறிந்திருந்தன.

அதை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. 1805 நவம்பரில் மதராஸ் படைத் தலைவர் சர் ஜான் கிரேடக் புதிய தலைப்பாகையைக் கொண்டுவந்தார். அதில் தோல் குச்சம் இருந்தது. பார்வைக்கு அது ஐரோப்பியத் தொப்பி போலவும் இருந்தது. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், மீசை ஓர் அளவில் இருக்க வேண்டும். தோல் எந்த மிருகத்துடையது என்ற கேள்வி இந்துவையும் முஸ்லிமையும் ஒரே நேரத்தில் உறுத்தியது. தொப்பி போட்டவன் கிறிஸ்தவன் ஆகிவிடுவான் என்ற பேச்சும் பரவியது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளும் 69-ஆம் ரெஜிமென்ட் ஆட்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது விழுந்த சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்ததால் அரசியலும் அதில் கலந்திருந்தது. தலைப்பாகை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் விசாரணைக்குப் பின் உத்தரவு ரத்தானது, கிரேடக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒரு தொப்பியால் ஒரு கவர்னர் பதவி போனது.

குச்சம் போனாலும் கம்பளிக் கோட்டு போகவில்லை. 1824 மே மாதம், மழை தொடங்கும் வேளையில், பர்மாவோடு போரிடக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ரங்கூனில் இறங்கியது. அதில் கணிசமானவர்கள் மதராஸ் சிப்பாய்கள். அவர்கள் மேல் இடுப்பு வரை இறுக்கிய சிவப்புக் கம்பளி. மாதக்கணக்கில் மழை. துணி உலரவே இல்லை. இரண்டு ஆண்டுப் போரில் இந்தப் பக்கத்திலிருந்து போன சுமார் 40,000 பேரில் 15,000 பேர் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலோர் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் போனவர்கள். உடை மாத்திரம் காரணமில்லை, உப்புக்கண்டமும் கெட்ட தண்ணீரும் இடமும் சேர்ந்தே கொன்றன. ஆனால் அந்தக் கம்பளிக் கோட்டை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

காக்கி வந்தது வடமேற்கிலிருந்து, மேலிடத்து யோசனை எதுவுமில்லாமல். 1846-இல் பெஷாவரில் கைட்ஸ் படையைத் திரட்டிய ஹாரி லம்ஸ்டன், மலைப்பகுதி ஆட்களுக்கு மண்நிறத்தில் தளர்ந்த பருத்தி உடை போதும் என்று விட்டார். 1857 கிளர்ச்சியின்போது வெள்ளைச் சட்டையோடு டெல்லிக்குப் போன ஆங்கிலேயச் சிப்பாய்கள் தேயிலை, காப்பி, சேறு, மை என்று கையில் கிடைத்ததில் முக்கிச் சாயம் ஏற்றினார்கள். ஒரே அணியில் பத்து விதப் பழுப்பு. சலவைக்கு நிற்கும் சாயம் 1880-களில்தான் வந்தது. அதன் பிறகே காக்கி எல்லா இடத்துக்கும் சீருடை ஆனது. சென்னைக்காரர்களுக்கு இதில் நேரடிச் சொந்தம் உண்டு: பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் நெய்த காக்கி ட்ரில் இரண்டு உலகப் போர்களிலும் படைக்குப் போனது. ராணுவமும் போலீசும் தபால்காரரும் ‘பின்னி காக்கி’யிலேயே வாழ்ந்த ஒரு காலம் இருந்தது.

காக்கி வறண்ட மண்ணுக்கான நிறம். பச்சைக் காட்டில் அது பளிச்சென்று தெரியும். 1941 டிசம்பரில் மலாயாவில் இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்தபோது பாடம் நடத்தியவர்கள் ஜப்பானியர். பிரிட்டிஷ் தரப்பு அகன்ற அரைக்கால் சட்டையும் ஆணி அடித்த கனத்த பூட்சும் அணிந்து லாரிகளை நம்பிச் சாலையோரமாக நின்றது. ஜப்பானியச் சிப்பாய் பருத்திச் சட்டையில், சைக்கிளில் வந்தான். சைக்கிள் டயர் வெடித்தால் வெறும் வளையத்தோடு ஓட்டினான். பலர் காலில் பெருவிரல் தனியே பிரிந்த, ரப்பர் அடி ஒட்டிய துணிக்காலணி. 1920-களில் அதைப் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இஷிபாஷி ஷோஜிரோ, பின்னாளில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனியைத் தொடங்கியவர். சுரங்கத் தொழிலாளியும் விவசாயியும் போட்ட செருப்பு அது. வரப்பில் வழுக்காது, சத்தம் போடாது, சீக்கிரம் உலரும். அடுத்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

ஜப்பானியர் காட்டில் பிறந்தவர்கள் என்ற பேச்சு அப்போது கிளம்பியது. அதில் உண்மையில்லை. அவர்களிலும் நகரத்துப் பிள்ளைகளே அதிகம். இரண்டு ஆண்டு கழித்து இம்பால் மலைகளில் மூன்று வாரச் சோற்றோடு அனுப்பப்பட்டபோது, உணவும் மருந்தும் வராமல் அவர்களே பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். சட்டை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பின்னால் மூட்டையும் வர வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் அதைக் கவனித்தவர் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம். 1943 அக்டோபரில் அவர் பர்மா எல்லைப் படையை ஏற்றபோது எதிரியைவிடக் கொசு பெரிய தளபதியாக இருந்தது. காயம்பட்டு ஒருவன் வெளியேறினால் நோயில் 120 பேர் வெளியேறினார்கள். மலேரியா மட்டும் ஆண்டுக்கு மொத்தப் படையில் 84 சதவீதம் என்ற வேகத்தில் ஆட்களைச் சாய்த்தது. கொயினா மரத் தோட்டங்கள் இருந்த ஜாவா ஜப்பானியர் கையில், ஆகவே கொயினாவுக்குத் தட்டுப்பாடு. மாற்று மெப்பாக்ரின் மாத்திரை. அது தோலை மஞ்சளாக்கும். ஆண்மையைக் கெடுக்கும் என்ற புரளியும் கூடவே வந்ததால் பலர் துப்பிவிட்டார்கள்.

ஸ்லிம் செய்ததில் மருந்து பாதி, துணி பாதி. பொழுது சாய்வதற்கு முன் அரைக்கால் சட்டையைக் கழற்றிவிட்டு முழுக்கால்சட்டை, சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை இறக்கிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக வெள்ளைக்காரன் பகலுக்குப் பயந்து உடுத்திய இடத்தில் ஒருவர் இரவுக்குப் பயந்து உடுத்தச் சொன்னார். மாத்திரை போட்டார்களா என்று திடீர்ச் சோதனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். குறைந்தது 95 சதவீதம் பேர் விழுங்கியிருக்காவிட்டால் அந்தப் படைப்பிரிவின் தலைவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று பேர் போனார்கள். அதோடு மற்றவர்களுக்கு விஷயம் புரிந்தது. 1945-இல் நோய் விகிதம் நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒருவராக இறங்கியது.

அந்தக் காலத்தில்தான் படை பச்சையானது. முதலில் இருந்த காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கினார்கள். பிறகு இந்திய ஆலைகளில் பச்சையாகவே நெய்தார்கள். மேல்சட்டை, கால்சட்டை மட்டுமல்ல, பனியன், துண்டு, கைக்குட்டை வரை பச்சை. காயப்போட்ட ஒரு வெள்ளைத் துண்டு விமானத்திலிருந்து தெரிந்தால் முகாமே தெரிந்த மாதிரி. சோலா தொப்பி சத்தமில்லாமல் காணாமல் போய், அகன்ற விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பி வந்தது. வெறும் மார்போடு பகலில் பாலம் கட்டிய ஆங்கிலேயர்களுக்கு மண்டையும் முதுகுத்தண்டும் ஒன்றும் ஆகவில்லை. சாலையும் பாலமும் போட்டவர்களில் ‘தம்பி’ என்று படை முழுவதும் பேர்பெற்ற மதராஸ் சாப்பர்களும் உண்டு.

விதிவிலக்காக ஒருவர் கடைசி வரை பழைய தொப்பியை விடவில்லை. அவர் ஓர்ட் விங்கேட், ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால் ‘சிண்டிட்’ படைகளை நடத்தியவர். காட்டுப் போரின் புதுமைகளுக்கெல்லாம் பேர்போன மனிதர் தாடியும் அந்தக் கால வெயில் தொப்பியுமாகப் படங்களில் நிற்கிறார். அவருடைய ஆட்கள் 30 கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்தார்கள். கனத்த பொருள்களுக்குக் கோவேறு கழுதைகள். அவை கத்தினால் இருப்பிடம் தெரிந்துவிடும் என்று குரல்நாணை அறுத்து ஊமையாக்கி அழைத்துப் போனார்கள். வானத்திலிருந்து உணவு போட பட்டுப் பாராசூட் போதவில்லை. அதற்கு ஸ்லிமின் ஆட்கள் கல்கத்தாவின் சணல் ஆலைக்காரர்களைப் பிடித்தார்கள். ஒரே மாதத்தில் சணல் பாராசூட் வந்தது. பட்டு ஒன்றுக்கு 20 பவுண்டுக்கு மேல் ஆன இடத்தில் சணலுக்கு ஒரு பவுண்டு. ஆளை இறக்க லாயக்கில்லை. ஆனால் அரிசி மூட்டைக்கு என்ன மரியாதை வேண்டும்?

எதிர்வரிசையில் நம்மவர்களும் இருந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்குப் பிரிட்டிஷார் விட்டுப்போன காக்கியே சீருடை ஆனது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் பால்மரக் காடுகளிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். நேற்று வரை சேலையோடு மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் காக்கிக் கால்சட்டையும் குல்லாயும் பூட்சும் மாட்டினார்கள். தலைவியாக இருந்தவர் சென்னையிலிருந்து போன டாக்டர் லட்சுமி.

உத்தி தெரிந்தும் சறுக்கியவர்கள் உண்டு. 1942-இல் தளபதி மெக்கார்தர் கேட்டார் என்று அமெரிக்கர்கள் பசிபிக் தீவுகளுக்கு ஒரே துண்டாகத் தைத்த ‘காட்டு உடை’யை அவசரமாக அனுப்பினார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடை, முன்னால் ஜிப், பூச்சியும் அட்டையும் புகாது என்பது கணக்கு. நனைந்தால் ஈயம் மாதிரி கனத்தது. அதைவிடப் பெரிய கஷ்டம், வயிற்றுப்போக்கு சாதாரணமாக இருந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் முழு உடையையும் கழற்ற வேண்டியிருந்தது. தைத்த மேதை காட்டுக்குள் ஒரு நாள்கூடப் பேதியோடு இருந்திருக்க மாட்டார். மறு ஆண்டே அதை இரண்டு துண்டாக்கினார்கள்.

வியட்நாமில் அமெரிக்கரின் காட்டு உடை இந்தப் பாடங்களின் மொத்த வசூல்: லேசான பருத்தி, தளர்ந்த தையல், சாய்ந்த பெரிய பைகள், தண்ணீர் வடிய ஓட்டை வைத்த பூட்ஸ். தரையில் நட்டிருந்த மூங்கில் முளைகள் பாதத்தைத் துளைத்ததால் அடியில் எஃகுத் தகடும் சேர்ந்தது. எதிரில் இருந்தவர்களில் பலர் லாரி டயரை வெட்டிச் செய்த செருப்போடு நடந்தார்கள்.

அப்படியும் மீகாங் வயல்களில் அந்த பூட்ஸ் தோற்றது. நாள்கணக்கில் நெல்வயல் தண்ணீரில் நின்றவர்களின் பாதம் வெளுத்து, ஊறி, உரிந்து, புண்ணாகி, படைப்பிரிவுகளில் நடக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 9-ஆம் காலாட்படை டிவிஷன் புது மாதிரி பூட்ஸ், புது மாதிரி காலுறை, சிலிகான் களிம்பு என்று வரிசையாகச் சோதித்துப் பார்த்தது. மருத்துவர்கள் எண்ணிக்கொண்டு வந்ததில் 48 மணி நேரத்துக்குப் பிறகு புண் மளமளவென்று கூடுவது தெரிந்தது. 1968-இல் உத்தரவு போட்டார்கள்: நெல்வயலுக்குள் ஒரு நடவடிக்கை 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அதன் பிறகு ஆட்களைக் கரையேற்றிக் காலை உலரவிட வேண்டும்.